பாயசம் குடித்தவர் பேசக் கூடாது

நான் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன். இதை வெளியில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டாக்டர் என்றால் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். வக்கீல் என்றால் பங்காளிச் சண்டையை ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். பொருளாதார வாத்தியார் என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "தங்கம் எப்ப சார் இறங்கும்?" தெரியாது என்று சொன்னால், பிறகு எதைத்தான் படித்தாய் என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பார்வையை வாங்கி வாங்கியே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்பது என் கட்சி. பிறவிக்குணம் என்பது என் மனைவியின் கட்சி.

வீடு விழுப்புரத்தில், கல்லூரி திண்டிவனத்தில். தினமும் பஸ். மனைவிக்கு விழுப்புரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாள். மதியச் சோறு கட்டிக்கொடுப்பது பற்றிய பேச்சுவார்த்தை எங்கள் வீட்டில் கல்யாணமான புதிதிலேயே நடந்து, எனக்குச் சாதகமில்லாமல் முடிந்துவிட்டது. ஓட்டல்களில் சாப்பிட்டால் என் வயிறு மதிய வகுப்பில் எனக்கு முன்னால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மெஸ் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. மாதச் சாப்பாடு. அதன் கத்தரிக்காய் காரக்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது.

மெஸ்ஸை நடத்துகிறவர் எல்லோருக்கும் அக்கா. அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள், அவரும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. சுவரில் ஒரு டிவி, அதற்குக் கீழே ஒரு கரும்பலகை. பலகையில் சாப்பாட்டின் விலையைத் தவிர வேறு எதுவும் எழுதப்படாது.

அந்தப் பலகையோடு ஒட்டிப்பிறந்த வழக்கம் ஒன்று உண்டு. எப்போதோ முதல்முறை விலையை ஏற்ற வேண்டி வந்தபோது, வெறும் கையோடு எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு அக்கா பாயசம் வைத்திருக்கிறார். அதைக் குடித்துவிட்டு யாரும் சண்டை போடவில்லை. அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. மாதக் கடைசியில் ஒரு நாள் இலைக்குப் பக்கத்தில் பாயச டம்ளர் வந்து உட்கார்ந்தால், அடுத்த மாதத்திலிருந்து விலை ஏறுகிறது என்று அர்த்தம். டம்ளரைக் காலி செய்தால் சம்மதம். குடித்த பிறகு முணுமுணுக்கக் கூடாது. இதன் காரணமாகவே பண்டிகை நாளில்கூட அங்கே இனிப்பு கிடையாது. பொங்கலுக்கும் வடையோடு நிறுத்திக்கொள்வார். "சும்மா இனிப்ப வெச்சா ஜனங்க பயந்துக்கும் சார்" என்று ஒருமுறை என்னிடம் விளக்கினார். மாதச் சாப்பாட்டுக்காரர்கள் காலத்தைக்கூடப் பாயசத்தை வைத்துத்தான் சொல்வார்கள். "நான் வந்து சேந்தது போன பாயசத்துக்கு முந்தின பாயசம்" என்று ஒருவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வெயில் காலத்தில் ஒரு நாள் பாயசம் வந்தது. சேமியாவும் ஜவ்வரிசியும் கலந்தது, நெய்யில் வறுத்த முந்திரி மிதந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பாயசத்தைக் கண்டால் எனக்குக் கை முந்திக்கொள்ளும். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் என் டம்ளர் காலியாகியிருந்தது.

எனக்கு எதிரில் ஒரு ஓய்வு பெற்ற அரசு அலுவலர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை ஐயா என்போம். மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போன அவருடைய மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. அதனால் மெஸ். உலகத்தில் அவருக்கு அக்கறையான ஒரே விஷயம் அகவிலைப்படி. அது எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்பதைப் பற்றி அவரால் சாம்பாரிலிருந்து மோர் வரைக்கும் பேச முடியும். அவர் அன்று டம்ளரைக் கையில் எடுத்தவர், டிவியை அண்ணாந்து பார்த்தார். அப்படியே கீழே வைத்தார்.

"எக்கா, இங்க வா. டிவியில இன்னா ஓடுதுன்னு பாரு."

பணவீக்கம் குறைந்தது என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் பெண் ஏதோ தன் வீட்டில் விசேஷம் மாதிரி சிரித்துக்கொண்டு அதையே சொன்னாள்.

"விலைவாசி குறைஞ்சிப்போச்சின்னு கவர்மெண்டே சொல்லுது. நீ இன்னாடான்னா பாயசத்த ஊத்திக்கினு இருக்கிற?" என்றார் ஐயா.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். அவருடைய பதில் எனக்கு ஐயாவின் கேள்வியைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

"ஐயா, ரெண்டு மாசத்துக்கு மின்னாடி இதே டிவியில இத்தினி சதவீதம் ஏறிக்கிதுன்னு போட்டானா இல்லியா? அப்பவே நான் ஏத்தியிருக்கணும். போனா போவுதுன்னு வுட்டேன். அந்த ஏத்தம் எனக்கு இன்னும் பாக்கி நிக்குது. அதத்தான் இப்ப எடுத்துக்கிறேன்."

அதாவது, மாதாமாதம் டிவியில் வருவது நடந்து முடிந்ததைச் சொல்லும் கணக்கு என்றே அவருக்குத் தெரியாது. பஸ் கட்டணம் மாதிரி, இவ்வளவு ஏற்றிக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து வரும் அனுமதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். எடுக்காத லீவைச் சேர்த்து வைப்பதுபோல, ஏற்றாத ஏற்றத்தையும் சேர்த்து வைத்திருந்தார். ஐயாவோ அதே செய்தியை இறக்கச் சொல்லும் உத்தரவாக எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே டிவியைத்தான் பார்த்தார்கள்.

ஐயா தன் டம்ளரை உள்ளங்கையால் மூடினார். பக்கத்து இலைக்காரரும் மூடினார். அப்படியே வரிசையாக ஒவ்வொரு டம்ளர் மீதும் ஒரு கை ஏறியது. அந்த மெஸ்ஸில் பாயசம் மறுக்கப்பட்டது அதுதான் முதல்முறை. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"சரி. குடிக்காதீங்க. ஆனா பழைய வெலைக்கு இனிமே என்னால சோறு போட முடியாது. இந்த மாசத்தோட இழுத்து மூடிடறேன். செல்போன் கவர் விக்கிறவன் இந்த எடத்த கேட்டுக்கினே இருக்கான்."

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. சரியாகச் சொன்னால், இனி அந்த வயிற்றில் அக்கா கரைக்கும் புளி இறங்காதே என்ற பயம்தான் கரைத்தது.

அப்போது மல்லாட்டை வியாபாரி ஒருவர் வாயைத் திறந்தார். திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்துக்காரர். கிராமங்களில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி இங்கே மண்டியில் போடுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினாலும் அடுத்த தெருவில் கேட்கும்.

"எதுக்கு ரெண்டு பேரும் பேஜார் பண்ணிக்கினு? சாரு பொருளாதாரம்தான படிச்சிக்கிறாரு? அவரையே கேப்போம். அவரு சொல்றதுதான் தீர்ப்பு."

ஐயாவும் தலையாட்டினார், அக்காவும் தலையாட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தங்கத்தைத் தவிர வேறொன்றைப் பற்றி, அதுவும் என் பாடத்தைப் பற்றி, ஒரு கூட்டம் தானாக வந்து என்னிடம் கேட்கிறது. கையில் ரசம் காய்ந்திருந்ததையும் பொருட்படுத்தாமல் எழுந்து நின்றேன்.

"விழுப்புரத்துலேருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ் வருதுன்னு வெச்சிக்குங்க" என்று ஆரம்பித்தேன். "விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் செம வேகம். அப்புறம் வேகம் குறைஞ்சிடுது. வேகம்தான் குறைஞ்சிது. பஸ் நின்னுடுச்சா? இல்ல. முன்னாடிதான் போய்க்கிட்டிருக்கு. அந்த மாதிரி, பணவீக்கம்ங்கிறது விலை ஏறுற வேகம். வேகம் குறைஞ்சா விலை குறைஞ்சதா ஆகாது. மெதுவா ஏறுதுன்னு அர்த்தம். சொல்லுங்க, வேகம் குறைஞ்ச பஸ் விழுப்புரத்துக்கே திரும்பிடுமா?"

"திரும்புமே" என்றார் வியாபாரி.

"எப்படித் திரும்பும்?"

"இன்னா சார், சாயங்காலம் நீங்களே அதுல ஏறித்தான ஊட்டுக்குப் போறீங்க?"

மெஸ் முழுவதும் அதை ஆமோதித்தது. போன பஸ் திரும்பித்தானே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டிப்போவுக்கு யார் பதில் சொல்வது என்று ஒருவர் கூடுதல் நியாயம் எடுத்துக் கொடுத்தார். எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்த எதிர்வாதத்துக்குப் பதில் இல்லை.

நான் விடவில்லை. "சரி, பஸ்ஸ விடுங்க. ஒரு பையன் மளமளன்னு வளர்றான். அப்புறம் வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகுது. அதனால அவன் குள்ளமாயிடுவானா?"

"ஆவாங்க சார்" என்றார் வியாபாரி, இந்த முறை உண்மையான வருத்தத்தோடு. "எங்கப்பாரு நல்ல ஒசரம். வயசாவ வயசாவ குறைஞ்சிக்கினே வந்தாரு. கடைசியில அவரு வேட்டியே அவருக்குத் தரையில இழுத்துக்கினு கெடந்துது."

செத்துப்போன அப்பாவை எதிர்த்து எப்படி வாதாடுவது? அடுத்ததாகச் சராசரியைக் கையில் எடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். ஒரு பொருள் இறங்கும், இன்னொன்று ஏறும், எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்றேன். "மல்லாட்டை இறங்கிப்போயி நான் அழுதுக்கினு இருக்கிறேன், அது கணக்குல வந்துச்சா?" என்றார் வியாபாரி. வந்தது என்றேன். கூடையில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார் ஐயா. அரிசி, பருப்பு, துணி, வீட்டு வாடகை, மருந்து, பஸ் டிக்கெட் எல்லாமே இருக்கிறது என்றேன்.

"நான் இங்க சோறு துன்ன வர்றேன்" என்றார் ஐயா. "என் சோத்துல துணியும் மருந்தும் எதுக்கு சார் வருது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காகூடச் சிரித்தார். அவருக்காகத்தானே இவ்வளவும் பேசுகிறேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வருடப் பிள்ளைகளுக்கே இதெல்லாம் ஒரே வகுப்பில் புரிந்துவிடும் என்று கத்தினேன். அது பொய். மூன்றாம் வருடம் முடித்துப் போகும்போதும் அவர்களில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை.

ஐயா நிதானமாகக் கையைத் தூக்கினார். "சார் பேசக் கூடாது. அவரு பாயசத்த குடிச்சிட்டாரு."

எல்லோருடைய பார்வையும் என் காலி டம்ளருக்குப் போனது.

"அது மட்டுமில்ல, அவருக்கு தெனம் ரெண்டு அப்பளம்" என்றார் வியாபாரி.

நான் உட்கார்ந்துவிட்டேன். மற்ற எல்லோருக்கும் ஒரு அப்பளம்தான். நான் ஒல்லியாக இருக்கிறேன் என்று இரக்கப்பட்டு அக்கா எனக்கு மட்டும் இரண்டாவதைச் சோற்றுக்கு அடியில் மறைத்து வைப்பார். நானும் சத்தம் வராமல் குழம்பில் ஊறவைத்துத்தான் தின்பேன். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணவீக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத இந்த ஜனங்கள் என் அப்பளத்தைத் துல்லியமாகக் கவனித்து வைத்திருந்தார்கள்.

தீர்ப்பு அதோடு செல்லாததாகிவிட்டது. பாயசம் பாத்திரத்தோடு திரும்பிப் போனது.

அன்று மாலை, வியாபாரி சொன்னபடியே, நான் பஸ் ஏறி விழுப்புரத்துக்குத் திரும்பினேன். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டாள். "ரெண்டு அப்பளம் வாங்கிக்கினு நீதிபதியாப் போனீங்களா?" என்றாள். மெஸ்ஸை மூடிவிட்டால் என் கதி என்ன என்று கேட்டேன். குக்கர் இருக்கும் இடத்தை விரலால் காட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் மோசமானவை. மெஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. அக்கா பரிமாறுவார், ஆனால் "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா" என்று கேட்கமாட்டார். ஒரு மதியம் செல்போன் கவர்காரர் வந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டேப்பை நீட்டிச் சுவரை அளந்தார். என் தலைக்கு மேலேயும் அளந்தார். எனக்கு அழுகை வராத குறை. அக்கா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஐயாகூடச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. யாருக்கும் மெஸ் மூடுவதில் சம்மதம் இல்லை. ஆனால் கையை வைத்து டம்ளரை மூடிவிட்டார்கள், அந்தக் கையை எடுப்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

மாதம் முடிய இரண்டொரு நாள் இருந்தபோது ஐயா வெள்ளைச் சட்டையில், முகமெல்லாம் பல்லாக வந்தார். கையில் பெரிய இனிப்புப் பெட்டி. அகவிலைப்படி ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பழைய சண்டை அவருக்கு மறந்தே போய்விட்டது. ஒவ்வொரு இலையிலும் ஒரு லட்டு வைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் வைத்தார்.

இந்த முறை நான் லட்டைத் தொடவில்லை. பாடம் படித்திருந்தேன். எழுந்து நின்று கேட்டேன்: "ஐயா, அகவிலைப்படி எதுக்குக் குடுக்கறாங்க?"

"விலைவாசி ஏறுனதுக்கு."

"விலைவாசி குறைஞ்சிடுச்சின்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. வகுப்பில்கூட இல்லை. ஐயா பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

"அது கவர்மெண்ட் விலைவாசி சார். இது மெஸ் விலைவாசி. ரெண்டையும் ஏன் போட்டு கொழப்பிக்கிறீங்க?"

சுற்றிலும் தலைகள் ஆடின. ஆமாம், அது வேறு, இது வேறு. அவ்வளவு பெரிய முரண்பாடு அவ்வளவு சின்ன வாக்கியத்தில் கரைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். படித்த படிப்பெல்லாம் வீண் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். மனம் உடைந்தவன் என்ன செய்வான்? லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் வியாபாரி மெல்லுவதை நிறுத்தினார்.

தன் இலையைப் பார்த்தார். லட்டுத் தூள்தான் மிச்சம். பக்கத்து இலையைப் பார்த்தார். அங்கேயும் அதே. அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. "யோவ்" என்றார் பொதுவாக, "நாம எல்லாரும் இனிப்பு துன்னுட்டோம்."

"அதனால இன்னா?" என்றார் ஐயா. அவர் வாயிலும் லட்டு இருந்தது.

"எங்க வெச்சி துன்னோம்? மெஸ்ஸுல. எலையில வெச்சி. மாசக் கடைசியில."

"இது என் லட்டுய்யா. அக்கா பாயசம் இல்ல."

"யாரு குடுத்தா இன்னா? இந்த மெஸ்ஸுல இனிப்பு துன்னா இன்னா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க ஐயா. ஒங்களுக்கு ஏறுனதுக்கு நாங்க எல்லாரும் சந்தோசமா இனிப்பு துன்னோம். அக்காவுக்கு ஏறுனா மட்டும் கசக்குதா?"

வாயில் இருந்ததை விழுங்கலாமா வேண்டாமா என்று ஐயா யோசித்தது தெரிந்தது. பணவீக்கத்தை எப்படி வேண்டுமானாலும் வளைத்து அர்த்தம் சொன்ன மனிதர், மெஸ்ஸின் சட்டத்தை மட்டும் வளைக்கவில்லை. விழுங்கினார். பிறகு பெட்டியைத் திறந்து, அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்காவிடம் நீட்டினார்.

"எடுத்துக்க, எக்கா. ஏத்திக்க."

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு லட்டு எடுத்துக்கொண்டார். நேராகப் பலகைக்குப் போய், பழைய விலையைக் கையாலேயே அழித்துவிட்டுச் சாக்பீஸால் புதிய விலையை எழுதினார். எழுதும்போது மூக்கை இழுத்துக்கொண்டது கேட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. வியாபாரி தனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்று அடுத்த தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "இதோ வர்றேன், இரு" என்று அக்காவும் அதே சத்தத்தில் பதில் கொடுத்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. காரக்குழம்பு பிழைத்தது. அதைக் காப்பாற்றியதில் என் பாடத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்றாலும், அந்த நிமிடத்தில் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஒன்றாம் தேதி. புதிய விலையைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். இலை வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. விரலால் சோற்றுக்கு அடியில் மெதுவாகத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்தப் பக்கமும் துழாவினேன். நிமிர்ந்தால் அக்கா நின்றிருந்தார்.

"தேடாதீங்க சார். இனிமே ஒங்களுக்கும் ஒரு அப்பளம்தான். நாளைக்கி ஏதாச்சும் பஞ்சாயத்துன்னா நீங்கதான பேசணும்? சுத்தமா இருக்கணும் இல்ல?"

அக்கம்பக்கத்து இலைகளில் எல்லோரும் தங்கள் அப்பளத்தை மொறுமொறுவென்று நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பலகையில் இருந்த விலை எல்லோருக்கும் பொது. அப்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மெஸ்ஸிலேயே எனக்குத்தான் அதிகம் ஏறியிருந்தது. அதை விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரில் ஐயா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இருந்த ஒரு அப்பளத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கடித்தேன்.